கொங்கு இயந்திரக் கதை – 17: கூப்பிடும் கம்பி

“கரண்ட் வந்துருச்சான்னு பாத்துட்டு வா, கண்ணு.”

என் சின்ன வயதில், அவிநாசிக்கு மேற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில், ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவையாவது அப்பாரு இப்படிச் சொல்லி என்னை எழுப்பிவிடுவார். வீட்டில் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். வீட்டுப் பல்புக்கு ஒரு ஃபேஸ் போதும். கிணற்று மோட்டாருக்கு மூன்று ஃபேஸும் வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, மோட்டார் ரூம் கதவைத் திறந்து, ஸ்டார்ட்டருக்கு மேலே பலகையில் வரிசையாக இருக்கும் மூன்று பல்புகளைப் பார்ப்பேன். மூன்றும் ஒரே மாதிரி பளிச்சென்று எரிந்தால் பச்சைப் பட்டனை அமுக்கலாம். ஒன்று மங்கியிருந்தால் திரும்பி வந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டால் காயில் எரிந்துபோகும். ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அரை மணி கழித்து மறுபடியும் குரல் வரும். பெரும்பாலும் வெறும் நடைதான். நான் பார்த்துவிட்டுத் திரும்பிய அடுத்த நிமிஷமே மூன்று ஃபேஸ் வந்து, அடுத்த நடைக்குள் போய்விட்டிருந்தால் அன்றைக்குக் கத்தரிக்குத் தண்ணீர் இல்லை. அப்படி ஆனதும் உண்டு.

பின்னால் கல்லூரியில் மைக்ரோபிராசசர் படித்தபோது, நான் வரப்பில் நடந்த நடைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: போலிங். கம்ப்யூட்டரின் பிராசசர், தன்னோடு இணைந்த ஒவ்வொரு கருவியிடமும் முறை வைத்துப் போய், ‘ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது. தமிழில் ரோந்து என்று சொல்லிவிடலாம். இதற்கு மாற்று, கருவியே பிராசசரைக் கூப்பிடுவது. அதற்கு இன்டரப்ட் என்று பெயர், பாடநூல்களில் ‘குறுக்கீடு’. இந்தச் சொல் எனக்கு அரைமனதுதான். பேச்சில் குறுக்கிடுகிறவர்களை நம் ஊரில் மதிப்பதில்லை. இங்கே நடப்பதோ, வேலையாக இருப்பவரிடம் ‘செத்த இங்க வந்துட்டுப் போங்’ என்று சொல்லி, வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பிவைக்கும் மரியாதையான காரியம். ஆனாலும் மாணவர்கள் தேடிப் படிக்கக் கைகொடுக்கும் சொல் என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற இதழில் 1932-இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததையும், அதைத் தொடர்ந்து பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் பெருகியதையும், 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்ததையும் பார்த்தோம். மோட்டார் வந்ததும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. ஓடுகிற இயந்திரத்தை யார் பார்த்துக்கொள்வது? ஏதாவது கோளாறு என்றால் மனிதருக்கு எப்படித் தெரியும்? மில் தளத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளும், பின்னால் ஒரு சில்லுக்குள் கிடைத்த விடைகளும் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருக்கின்றன. சில்லு வடிவமைத்தவர்கள் தறியைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று கிடையாது. சிக்கல் ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக அமைந்தது என்பது மட்டுமே என் வாதம்.

முதலில் மில்லுக்குள் போவோம்.

ரிங் ஃபிரேம் ஓடும் தளத்தில் சைடர் என்று ஒருவர் இருப்பார். இப்போதெல்லாம் பெரும்பாலும் பெண்கள். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவிலுள்ள சந்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, திரும்பி, மறுபடி நடப்பது அவர் வேலை. ஒரு ஃபிரேமில் ஆயிரம் ஸ்பிண்டில் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஓர் இழை முறுக்கேறிக்கொண்டிருக்கும். எங்காவது அறுந்திருந்தால் அவர் கண் அதைப் பிடிக்கும். கை போய்ப் பிணைக்கும். கால் அடுத்த அடி வைக்கும். 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, ஒரு சைடருக்கு எத்தனை ஸ்பிண்டில் தரலாம் என்பதையெல்லாம் அளந்து ஆராய்ந்த நிறுவனம். இழை அறுவதை அளக்கும் அலகு ‘நூறு ஸ்பிண்டில்-மணிக்கு இத்தனை’ என்பது. நூறுக்கு 4 என்று வைத்துக்கொண்டால், 2,000 ஸ்பிண்டிலைப் பார்த்துக்கொள்ளும் சைடருக்கு மணிக்கு 80 அறுவு. முக்கால் நிமிஷத்துக்கு ஒன்று.

இது சுத்தமான ரோந்து. இதைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். முக்கால் நிமிஷத்துக்கு ஓர் அறுவு விழுகிற இடத்தில், ஒவ்வொரு ஸ்பிண்டிலும் மணியடித்துக் கூப்பிட்டால் என்ன ஆகும்? ஒரு மணி வடக்கு முனையில், அடுத்தது தெற்கு முனையில். அந்தப் பெண் பிணைப்பதைவிட ஓடுவதில்தான் நேரம் போகும். வரிசையாக நடந்துகொண்டே போனால், வழியில் உள்ளதையெல்லாம் ஒரே நடையில் முடித்துவிடலாம். ரோந்துக்குச் சாதகமான இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிட்ரா தொடங்கி நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் இரண்டு பேர் இதையே கண்டுபிடிப்பார்கள். அங்கே பிறகு வருகிறேன்.

தறிக்கூடத்தில் கணக்கே வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுவது ரிங் ஃபிரேமைப் போல அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடினால், துணி நெடுக ஒரு நூல் இல்லாத கோடு விழுந்துகொண்டே போகும். நூற்பில் அறுந்த இழைக்கு அந்த ஒரு ஸ்பிண்டிலோடு போகிறது நஷ்டம். நெசவில் முழுத் துணியும் கெடுகிறது. எப்போதோ நடக்கிறது, நடந்தால் உடனே தெரிய வேண்டும். அழைப்புக்காகவே பிறந்த சிக்கல் இது.

குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு விடை முன்பே இருந்தது. தறியின் ஓரத்தில் முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி. நாடா கடந்து போகும்போது ஊடை நூல் அதன் பற்களில் பட்டு அதைச் சற்றுச் சாய்க்கும். சாய்ந்தால் ‘எல்லாம் சரி’. தார் தீர்ந்தோ நூல் அறுந்தோ போனால் சாய்க்க ஒன்றும் இல்லை, கம்பியின் கொக்கி ஒரு நெம்புகோலில் மாட்டிக்கொள்ளும், நெம்புகோல் தறியின் கைப்பிடியைத் தட்டிவிடும், தறி நிற்கும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1896-இல் செய்த விசைத்தறியிலும் ஊடை அறுந்தால் நிற்கும் ஏற்பாடு இருந்தது. அவர் குடும்பத்தார் பின்னால் கார் செய்யப் போனபோதும், ‘கோளாறு என்றால் இயந்திரம் தானே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்’ என்ற கொள்கையைத் தறியிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாவுக்கு விடை இன்னும் அழகு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டிரேப்பர் கம்பெனி 1894-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நார்த்ராப் தறியில் அது இடம்பெற்றது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். நூல் விறைப்பாக இருக்கும்வரை அது தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். அறுந்தால் தகடு விழும். மின்சார ஏற்பாடு உள்ள தறியில், விழுந்த தகடு கீழே ஓடும் இரட்டைப் பட்டையைத் தொட்டு மின்சுற்றை மூடும், சோலினாய்டு இழுக்கும், தறி நிற்கும். 50 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 60 நூல் என்றால் 3,000 தகடு. மூவாயிரம் நூல்களையும் ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டிருப்பது யார்? புவியீர்ப்பு. அதற்குக் கூலியும் இல்லை, தூக்கமும் இல்லை.

நம் பக்கத்துச் சாதாரண விசைத்தறிகள் பலவற்றில் நெடுங்காலம் இந்தத் தகடுகள் இல்லை. நெசவாளியின் கண்தான் தகடு. 2017 ஏப்ரலில் மத்திய ஜவுளி அமைச்சகம் பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தை அறிவித்தபோது, பழைய தறிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் பகுதி ஒன்று அதில் இருந்தது. பாவோ ஊடையோ அறுந்தால் தறியை நிறுத்தும் கருவிகள் அந்த மேம்பாட்டில் சேர்ந்தவை. 1894-இல் சந்தைக்கு வந்த ஒரு தகடு, அரசாங்க மானியத்தோடு நம் சிறு தறிக்காரரைத் தேடி வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அத்தனை ஆண்டும் அந்த வேலையைச் செய்தவை மனிதக் கண்கள்.

இந்தத் தகட்டு ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. தறி நின்றுவிட்டது, சரி. மூவாயிரத்தில் எந்த நூல்? எல்லாத் தகடுகளும் ஒரே மின்சுற்றைத்தான் மூடுகின்றன. ஆகவே ‘யாரோ ஒருவர் கூப்பிட்டார்’ என்பது மட்டும்தான் நெசவாளிக்குத் தெரியும். அவர் தகட்டு வரிசைக்கு வந்து தடவிப் பார்த்து, விழுந்து கிடக்கும் ஒன்றைத் தேட வேண்டும். அழைப்பு வந்த பிறகு ஒரு குட்டி ரோந்து. இன்னொரு தொல்லையும் உண்டு: நூலைப் பிணைத்துவிட்டுத் தறியை ஓட்டும்போது, நின்ற அதே ஊடையிலிருந்து சரியாகத் தொடராவிட்டால் துணியின் குறுக்கே கோடு விழும். கூப்பிடுவது, கூப்பிட்டவர் யார் என்று அறிவது, விட்ட இடத்துக்குப் பிசகாமல் திரும்புவது: தறிக்காரர் பட்ட இந்த மூன்று பாடும் கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கும் காத்திருந்தது.

அங்கே போவோம். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களில் பிராசசர் வேகமாக இருந்தது. அதோடு இணைந்த நாடாப் படிப்பானும் அச்சு இயந்திரமும் ஆமை வேகம். அச்சு இயந்திரம் ஓர் எழுத்தை அடித்து முடிக்கும்வரை பிராசசர் ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று கேட்டுக்கொண்டே நின்றால், இவ்வளவு விலையுள்ள இயந்திரத்துக்கு வேறு வேலையே நடக்காது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1954-இல் முடித்த டைசியாக் என்ற கணினி, லாரி டிரெய்லருக்குள் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும்படி கட்டப்பட்டது. அதில் ‘அடுத்து எந்தக் கட்டளை’ என்பதைச் சுட்டும் எண்ணிகள் இரண்டு. வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்தால் ஓர் எண்ணியை விட்டு மற்றதற்குத் தாவும். முதல் எண்ணி விட்ட இடத்தை அப்படியே வைத்திருக்கும். அதே பத்தாண்டின் நடுவில் யுனிவாக் 1103 கணினியில், காற்றுச் சுரங்கச் சோதனையிலிருந்து வரும் அளவுகளை வந்த கணமே வாங்கிக்கொள்வதற்காக இந்த வசதி சேர்ந்தது. காற்றுச் சுரங்கம் கணினிக்காகக் காத்திருக்காதல்லவா.

இந்த வசதியைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. பயந்தவர் சாதாரண ஆள் இல்லை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1950களின் பிற்பாதியில் ஆம்ஸ்டர்டாமில் லூப்ஸ்ட்ராவும் ஷோல்டனும் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்தார்கள். அதில் குறுக்கீடு வைக்கலாம் என்று சொன்னபோது, அதற்கு நிரல் எழுத வேண்டியிருந்த டைக்ஸ்ட்ராவுக்குத் திக்கென்றது. அதுவரை கணினி என்றால், ஒரே நிரலை ஒரே உள்ளீட்டோடு நூறு தடவை ஓட்டினால் நூறு தடவையும் ஒரே வரிசையில் ஓடும். குறுக்கீடு வந்துவிட்டால் எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் வெளியாள் நுழையலாம். பிழை ஒன்று வந்தால் அதை மறுபடி வரவழைத்துப் பார்க்கக்கூட முடியாது. சில மாதங்கள் அவர் பிடிகொடுக்கவில்லை. பிறகு ஒப்புக்கொண்டு, அதை ஒழுங்காகக் கையாள்வது எப்படி என்பதையே 1959-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். அந்தப் பயம் நியாயமானது என்பது என் கருத்து. எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் நான் ராத்திரி கண்விழித்துத் தேடிய பிழைகளில் மிகக் கொடியவை, தேடும்போது ஒளிந்துகொள்ளும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

இனி கோவைக்குத் திரும்பலாம். 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1984-இல் குமரகுருவும் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும், பிறகு சாலைக்கொரு கல்லூரி என்று பெருகிய இந்த வட்டாரத்தில், மின்னணுவியல் படித்த ஒரு தலைமுறையே குறுக்கீட்டைக் கையால் தொட்டு அறிந்தது 8085 என்ற சில்லில்தான். 1976-இல் இன்டெல் வெளியிட்ட 40 கால்கள் கொண்ட சில்லு. லேபில் அதை ஒரு பச்சைப் பலகையில் பொருத்தி, பதினாறடிமான விசைப்பலகையும் சிவப்பு எண் விளக்குகளும் சேர்த்து ‘கிட்’ என்று தருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு கிட் கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் கிட்டில் ஒரு விசை அடிக்கடி மக்கர் செய்யும். ரெக்கார்டு நோட்டின் அட்டையை மடித்து அதன் ஓரத்தில் செருகி ஓட்டினோம்.

அந்தச் சில்லின் 6-ஆம் காலிலிருந்து 10-ஆம் கால் வரை ஐந்தும் கூப்பிடும் கம்பிகள். டிராப், ஆர்.எஸ்.டி. 7.5, ஆர்.எஸ்.டி. 6.5, ஆர்.எஸ்.டி. 5.5, இன்டர் என்று பெயர்கள். முன்னுரிமையும் இதே வரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மேலே உள்ளவருக்குத்தான் முதல் கவனிப்பு.

உள்ளே நடப்பதை நிதானமாகப் பார்க்கலாம். பிராசசர் ஒரு கட்டளையை முடிக்கும் தறுவாயில், இந்தக் கால்களில் மின்னழுத்தம் ஏறியிருக்கிறதா என்று அதன் சுற்றே பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று தனிக் கட்டளையோ தனி நேரமோ செலவாவதில்லை. முதல் நான்கு கால்களில் ஒன்றில் அழைப்பு இருந்தால், அடுத்துச் செய்ய வேண்டிய கட்டளையின் முகவரியை நினைவகத்தில் ஸ்டேக் என்ற அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அந்த அழைப்புக்கென்று குறித்த முகவரிக்குத் தாவுகிறது. டிராப் என்றால் 0024, 5.5 என்றால் 002சி, 6.5 என்றால் 0034, 7.5 என்றால் 003சி. நெசவாளி தகடு தகடாகத் தடவித் தேடினாரே, அந்தத் தேடல் இங்கே இல்லை. கூப்பிட்டவர் யார் என்பது எந்த முகவரிக்குத் தாவினோம் என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த முகவரிகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது நான்கு பைட் இடம். அதில் ஒரு முழு வேலையைச் செய்ய முடியாது. மூன்று பைட் எடுக்கும் ஒரு தாவல் கட்டளையை வைக்கலாம். ‘அய்யா உள்ளே இருக்கிறார், அந்தப் பக்கம் போங்கள்’ என்று வாசலில் எழுதி வைப்பதைப் போல.

அழைப்பை ஏற்றதும் பிராசசர் வாசலைச் சாத்திக்கொள்கிறது. வேறு அழைப்புகள் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் நிரல் எழுதியவர் இ.ஐ. என்ற கட்டளையால் வாசலைத் திறந்து, அடுத்ததாக ரெட் என்ற கட்டளையால் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். இ.ஐ. போட்ட கணமே வாசல் திறந்துவிட்டால், திரும்பும் முன்பே அடுத்த அழைப்பு நுழையும், அதற்குள் இன்னொன்று, ஸ்டேக் அடுக்கு ஏறிக்கொண்டே போய் எதையாவது அழித்துவிடும். ஆகவே 8085-இல் இ.ஐ. ஒரு கட்டளை தாமதித்துத்தான் பலிக்கும். ரெட் முடிந்து வீடு திரும்பிய பிறகே வாசல் திறக்கிறது. முதன்முதலாக இது புரிந்த நாளில், இதை யோசித்த ஆள் எவரோ, அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஐந்தில் டிராப் மட்டும் தனி ரகம். மற்ற நான்கையும் ‘இப்போது வராதே’ என்று தடுத்து வைக்கலாம். டிராப்பைத் தடுக்கவே முடியாது. அதனால் அதை மின்சாரம் போவதைச் சொல்லும் கம்பியாக வைப்பது வழக்கம். கோவைக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2012-இன் மின்வெட்டில் பட்டறைகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனாலும், மின்வழங்கியின் மின்தேக்கி சில மில்லி செகண்டுகள் தாக்குப்பிடிக்கும். விநாடிக்கு 30 லட்சம் துடிப்பில் ஓடும் 8085-க்கு ஒரு மில்லி செகண்ட் என்றால் 3,000 துடிப்பு. முந்நூறு கட்டளைகளையாவது முடிக்கலாம். எண்ணிக்கை, வேகம், நின்ற இடம் எல்லாவற்றையும் பேட்டரி உள்ள நினைவகத்தில் எழுதிவிட்டு அடங்கலாம்.

கிட்டில் விசையை அமுக்கினால் எண் தெரிவதும் குறுக்கீடுதான். இன்டெலின் எஸ்.டி.கே.-85 என்ற மாதிரிப் பலகையில், விசைப்பலகையைக் கவனிக்க 8279 என்ற தனிச் சில்லு. அது விசைகளை ஓயாமல் வரிசை வரிசையாக ரோந்து பார்க்கும். ஏதாவது ஒன்று அமுங்கியிருந்தால் ஆர்.எஸ்.டி. 5.5 கம்பியை உயர்த்தும். பிராசசருக்கு அது அழைப்பு. ரோந்து நிற்கவில்லை, அதைச் செய்கிற ஆள் மாறியிருக்கிறார். தறியில் புவியீர்ப்பு, இங்கே 8279. விலையுயர்ந்த ஆளின் தலையிலிருந்து மலிவான ஆளின் தலைக்கு ரோந்தை மாற்றிவிடுவதுதான் குறுக்கீடு என்பதை அந்த லேபில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மோட்டார் ரூம் நடையோடு சேர்த்து அன்றே பிடித்திருப்பேன்.

மில்லில் இந்த வேகம் எதற்கு என்று கேட்கலாம். நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங்கைப் பாருங்கள். தானியங்கி வைண்டிங் இயந்திரத்தில் நூல் நிமிஷத்துக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது என்றால், விநாடிக்கு 20 மீட்டர். நடுவில் உள்ள எலெக்ட்ரானிக் கிளியரர், தடித்த இடம் ஒன்று கடப்பதைக் கண்டதும் நூலை வெட்ட வேண்டும். 50 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ரோந்து வரும் பிராசசர் பார்ப்பதற்குள் ஒரு மீட்டர் நூல் போயிருக்கும். குறை கோனுக்குள் புதைந்திருக்கும். குறுக்கீடு என்றால்? 8085-ஐ வைத்தே கணக்குப் போடுவோம். அதன் மிக நீளமான கட்டளைக்கு 18 துடிப்பு. அது இப்போதுதான் தொடங்கியது என்று வைத்துக்கொண்டு, அழைப்பை ஏற்க இன்னொரு 12 துடிப்பு சேர்த்தால் 30. பத்து மைக்ரோ செகண்ட். அதற்குள் நூல் நகர்வது 0.2 மில்லிமீட்டர். 1962-இல் ரீட்டர் கூட்டுறவோடு லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது நூற்பு இயந்திரம் என்றால் பற்சக்கரமும் பெல்ட்டும்தான். இன்று எந்த மில்லின் தளத்திலும் சென்சாரும் சில்லும் இல்லாத இயந்திரத்தைத் தேடத்தான் வேண்டும்.

சைடர் கணக்குக்கு இப்போது வருகிறேன். 1990களில் கணினி வலையமைப்புகளின் வேகம் ஏறியபோது, ஒவ்வொரு தகவல் பொட்டலமும் வந்து சேரும்போது நெட்வொர்க் அட்டை பிராசசரைக் கூப்பிட்டது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பொட்டலம் வந்தால் ஆயிரக்கணக்கில் அழைப்பு. ஓர் அழைப்பை ஏற்று முடிப்பதற்குள் அடுத்தது. பிராசசர் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடியே ஓய்ந்தது. வந்த பொட்டலங்களைப் பிரித்துப் படிக்க நேரமே இல்லாமல், எடுத்ததைக் கீழே போட்டது. சுறுசுறுப்பாக இருக்கிறது, ஒரு வேலையும் நடக்கவில்லை. ஜெஃப்ரி மோகலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குச் சொன்ன வழி: அழைப்புகள் மிஞ்சினால் வாசலைச் சாத்திவிட்டு ரோந்துக்குப் போ, ஒரே நடையில் சேர்ந்திருப்பதையெல்லாம் எடு, கூட்டம் குறைந்ததும் வாசலைத் திற. லினக்ஸின் நெட்வொர்க் பகுதியும் சில ஆண்டுகளில் இதே பாணிக்கு வந்தது. பீளமேட்டு ரிங் ஃபிரேம் சந்தில் நடந்துகொண்டிருந்த பெண்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

அந்தச் சந்திலும் இப்போது மாற்றம். புதிய ரிங் ஃபிரேம்களில் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் சென்சார் கவனிக்கிறது. அறுவு என்றால் ஃபிரேமின் முனையில் ஒரு விளக்கு, அந்தப் பகுதியில் ஒரு விளக்கு, ஸ்பிண்டிலின் அருகிலேயே ஒரு விளக்கு. சைடர் தூரத்திலிருந்தே எந்த ஃபிரேம் என்று பார்த்து, நெருங்கி எந்தப் பகுதி என்று பார்த்து, நேராகப் போய் நிற்கிறார். அறுவு விகிதம் குறைந்த மில்களில் இது நன்றாகப் பலிக்கிறது. வெறும் நடை மிச்சமாவது அந்தக் கால்களுக்கு நல்லதுதான். ஆனால் மிச்சமான நடைக்குப் பதில் இன்னும் இரண்டு ஃபிரேம் சேர்த்துத் தரப்படுகிறதா என்பதை மில்காரர்களிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கிணறு வற்றி, போர்வெல் வந்து, ஸ்டார்ட்டரும் மாறிவிட்டது. இப்போது இருப்பது மொபைல் ஸ்டார்ட்டர். ஒரு சிறிய பெட்டி. உள்ளே மைக்ரோகன்ட்ரோலரும் சிம் கார்டு போடும் மோடமும். மூன்று ஃபேஸும் வந்திருக்கின்றனவா என்று அந்தச் சில்லு விநாடிக்குப் பல தடவை பார்த்துக்கொள்கிறது. வந்ததும் என் போனை அடிக்கிறது. நான் திருப்பி அடித்தால், மோடத்தின் ‘ரிங்’ என்று குறித்த கால் தாழ்ந்து சில்லைக் கூப்பிடுகிறது. சில்லு விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு வந்து மோட்டாரைப் போடுகிறது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடினால் ஆம்பியர் குறைவதைக் கண்டு தானே நிறுத்திவிட்டு, அதையும் சொல்கிறது. கரண்ட் வந்தவுடன் தானாக ஓடும்படியும் வைக்கலாம். ஆனால் மடை திருப்ப ஆள் இல்லாமல் மோட்டார் ஓடி என்ன பயன்? அதனால் நாங்கள் அதை அழைக்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டே காலுக்குப் போன் அடித்தது. கோவையில் படுக்கையில் இருந்தபடியே திருப்பி அடித்தேன். மூன்று முறை ஒலித்து நின்றது. மோட்டார் ஓடுகிறது என்று செய்தி வந்தது. தோட்டத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து, “கரண்ட் வந்துருச்சு சாமி, மடையத் திருப்பிவிடு” என்றேன்.

அடுத்த இதழில், எந்தக் கோளாறும் இல்லாமலே குறித்த நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடும் ஒன்றைப் பார்ப்போம்: மில் சங்கு. கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சங்கு உண்டு, 1981-இன் ஐ.பி.எம். பி.சி.யில் அது விநாடிக்குச் சுமார் 18 தடவை ஊதியது.

(தொடரும்)